போன மாத இதழில் நான் எழுதியது தவறு



போன மாதம் இதே சுவர் இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த மையம் என்றும், அதை வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள் என்றும், அதனால்தான் ஜெனீவா அணு ஆராய்ச்சி நிலையத்தில் நடராஜர் சிலை வைத்தார்கள் என்றும் எழுதினேன். நிறைய பேர் கை கொடுத்தீங்க. சிதம்பரத்தில் இருக்கும் என் தாத்தா அதைப் போட்டோவாக வாங்கி, சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஆனால் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் மட்டும் வந்து, "அண்ணா, இத யாரு அளந்து பாத்தாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "எல்லாரும்தான்டா சொல்றாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். பூமியின் காந்தப்புலம் சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்பு ஓடுவதால் உண்டாகிறது. தரைமேல் 'காந்த மையம்' என்று ஒரு புள்ளியே கிடையாது. காந்த நிலநடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது நம் நாட்டின் தென்கோடிப் பக்கம் போகிறது. அதற்கு அருகில் இருப்பதால்தான் கேரளாவில் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963-ல் முதல் ராக்கெட் விட்டார்கள். ஜெனீவா சிலையோ, நம் இந்திய அரசு கொடுத்த பரிசு. இரண்டு மீட்டர் உயரம். 2004 ஜூன் 18-ல் திறந்தார்கள். துகள்கள் ஓயாமல் தோன்றி மறைவதை நடராஜரின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிடுவது வேறு, நிரூபிப்பது வேறு. இரண்டையும் நான் போட்டுக் குழப்பிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் வகுப்பில் அணு அமைப்புப் பாடம் நடந்தது. பக்கத்து பெஞ்சு நண்பன் அலுத்துக்கொண்டான்: "டால்டன் தப்பு, தாம்சன் தப்பு, ரூதர்போர்டு தப்பு, போரும் தப்பு. கடைசியா சரியானத மட்டும் சொல்லிட்டுப் போகலாமே!" எனக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

அணுவைப் பிளக்கவே முடியாது என்றார் டால்டன். 1897-ல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் அது உடைந்தது. தர்பூசணிப் பழத்தில் விதைகள் மாதிரி, நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார் தாம்சன். அவரிடம் படித்தவர்தான் ரூதர்போர்டு. அவருடைய ஆய்வகத்தில் 1909-ல் கெய்கரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேராகப் போய்விட்டன. மிகச் சில மட்டும் பட்டென்று திரும்பி வந்தன. தர்பூசணியாக இருந்தால் திரும்பி வராதே! 1911-ல் ரூதர்போர்டு அணுக்கருவைச் சொன்னார். குருவின் படம் அழிந்தது.

ரூதர்போர்டின் படத்திலும் ஓட்டை. சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவிலேயே விழுந்துவிட வேண்டுமே? அவரிடம் வேலை செய்த போர், 1913-ல் 'குறிப்பிட்ட பாதைகளில் மட்டும்தான் சுற்றும்' என்றார். ஹைட்ரஜனின் நிறமாலைக்குக் கணக்கு பொருந்தியது. ஹீலியத்துக்கே பொருந்தவில்லை. 1926-ல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தது. பாதையே போய், எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டும் மேகம் வந்தது. இதில் ஒரு வேடிக்கை! எலக்ட்ரான் துகள் என்று காட்டிய தாம்சன் 1906-ல் நோபல் பரிசு வாங்கினார். அது அலை போலவும் நடக்கிறது என்று காட்டி 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர் அவருடைய மகன்!

இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொருவரும் சோதித்துப் பார்க்கும்படியாகச் சொன்னார்கள். அதனால்தான் அடுத்தவரால் திருத்த முடிந்தது. நான் எழுதிய கட்டுரையில் சோதித்துப் பார்க்க எதுவுமே இல்லை. தாம்சனின் தவறுக்கும் என் தவறுக்கும் அதுதான் வித்தியாசம்.

நம் கடலூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். புயல் வரும்போது "நேத்து ஒண்ணு சொன்னான், இன்னிக்கு ஒண்ணு சொல்றான்" என்று வானிலை அறிவிப்பைக் கேலி செய்வோம். புதிய அளவுகள் வர வர அறிவிப்பைத் திருத்துவதால்தான் அதை நம்பலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கரையைக் கடந்த கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் மீனவர் பார்க்க வேண்டியது கடைசியாகத் திருத்தப்பட்ட அறிவிப்பைத்தானே?

போன ஞாயிறு சிதம்பரம் போய்த் தாத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ நம்ம நடராஜருக்குப் பெருமை இல்லங்கிறியா?" என்று கோபப்பட்டார். "இல்ல தாத்தா, அவருக்கு என் பொய் தேவையில்லங்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "யார் யாருக்கு அனுப்பினேனோ, அவங்களுக்கெல்லாம் நீயே எழுதிப் போடு" என்றார்.

என் கருத்து இதுதான். தவறான அணு மாதிரிகளை நாம் கட்டாயம் படிக்க வேண்டும். வெறும் ஆண்டையும் பெயரையும் மனப்பாடம் செய்தால் போதாது. எது, ஏன் கைவிடப்பட்டது என்று தேர்வில் கேள்வி வர வேண்டும். நம் சுவர் இதழிலும் இனி ஓரமாக 'திருத்தம்' என்று ஒரு கட்டம் விட வேண்டுகிறேன். முதல் திருத்தம் என்னுடையது. தம்பி, நீ கேட்டதற்கு நன்றி!

தவறைத் திருத்துவோம், உண்மையை உணர்வோம்!

– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்