வெகுமதியா? அபராதமா?



ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒரு தாய்க்கு இன்று காய்ச்சல். ஆனாலும் நிற்கிறார். ஏன்? லீவே போடாமல் மாதம் முழுக்க வந்தால்தான் 'அட்டெண்டன்ஸ் போனஸ்'! ஒரு நாள் தவறினால் மொத்தமும் போய்விடும்.

அது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வராதவருக்கு அன்றைய கூலியும் இல்லை, அந்த 1,000 ரூபாயும் இல்லை. இது வெகுமதியா? வெகுமதி வேஷம் போட்ட அபராதம்!

முதலாளிமார்களே, கோபப்படாதீர்கள். "ஆள் வராவிட்டால் லைன் நின்றுவிடும், ஷிப்மெண்ட் தவறிவிடும்" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் கணக்கு உங்களையே கவிழ்க்கிறது! 5ஆம் தேதி லீவு போட்டவருக்கு மாதத்தின் மீதி நாட்களில் என்ன ஊக்கம் வைத்திருக்கிறீர்கள்? போனது போனதுதான் என்று அடுத்த வாரமும் ஒரு நாள் வீட்டில் இருந்துவிடுகிறார். உடனே "சோம்பேறிகள்" என்று பட்டம் கட்டுகிறோம்!

"கையில் காசு சேர்ந்தால் வேலைக்கு வரமாட்டார்கள்" என்பது இன்னொரு பேச்சு. நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி 1997இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களும் இப்படித்தான் எழுதினார்கள். வரும்படி நல்ல நாளில் சீக்கிரமே வீடு திரும்புகிறார்களாம்! 2015இல் மிகப் பெரிய அளவில் பயணக் கணக்குகளை அலசியபோது வேறு விதமாகத் தெரிந்தது. வரும்படி கூடும்போது பெரும்பாலோர் கூடுதல் நேரமே ஓட்டுகிறார்கள். உழைப்புக்கு நியாயமான விலை கிடைத்தால் உழைப்பவன் ஓடி ஒளிய மாட்டான்!

வழி என்ன? வந்த நாளுக்கு வந்த நாள் ஊக்கத்தொகையைக் கணக்கிடுங்கள். டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் வெட்டாதீர்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சலுகை அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது அது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதையே சொல்கின்றன. தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்கின்றன.

இளைஞர்களே! உங்கள் குடும்பக் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டைப் புரட்டுங்கள். யாருக்கு வெட்டினோம், எதற்காக வெட்டினோம் என்று கேளுங்கள். அவர் எந்த மதத்தவராகவும் இருக்கட்டும், கூலி அவருடைய ஹக்! ரமளானில் தர்மம் என்று நாம் நீட்டும் நோட்டில் அந்த ஹக் கலந்திருந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

கூலி பற்றிய நபிமொழியை மேடைதோறும் முழங்குகிறோம். சம்பளப் பதிவேட்டில் அதை எழுதுவது எப்போது?

சிந்தியுங்கள்!