விளையாட்டு இலவசம், அதிர்ஷ்டம் விலைக்கு!

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். குபேர லிங்கத்தின் சந்நிதியில் கூட்டம் நெருக்கியடிக்கிறது; செல்வம் வேண்டாம் என்பவர் யார்? சற்றுத் தள்ளிக் கால் ஆற உட்கார்ந்திருக்கும் இளைஞர்களும் அதிர்ஷ்டத்தைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்வை கைப்பேசியில் இருக்கிறது. திரையில் ஒரு நட்சத்திரம் விழுகிறது. பொன்னிறமானால் ஆரவாரம், நீலமானால், "இன்னும் ஒரே தடவை!"

இவ்வகை ஆட்டத்துக்குக் 'காச்சா' என்று பெயர். ஜப்பானில் 1960களில் கடைவாசல்களுக்கு ஒரு யந்திரம் வந்தது. காசு போட்டுப் பிடியைத் திருகினால் மூடிய உருண்டை ஒன்று விழும். உள்ளே என்ன பொம்மை என்பது திறந்த பிறகே தெரியும். திருகும்போது எழும் ஓசையே பெயராகிவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. பெட்டிக்கடையில் தொங்கிய பிரைஸ் அட்டையில் சில்லறை கொடுத்துச் சீட்டைக் கிழித்துப் பார்த்தவர்கள்தாமே நாம்!

முதல் வார விருந்து

ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' இந்த வகையில் உலகப் பிரசித்தி பெற்றது. முதல் வாரம் ஆடுகிறவருக்கு அதில் குறை சொல்லத் தோன்றாது. காட்சி கண்ணைப் பறிக்கிறது. சங்கீதம் இனிமையாக இருக்கிறது. மலை ஏறலாம், சமவெளியில் திரியலாம். யாரும் காலணா கேட்பதில்லை. அன்றாடம் சில வேலைகளை முடித்தால் மணிகள் பரிசாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு சீட்டு எடுத்தால் புதிய வீரர்கள் வந்து சேருகிறார்கள்.

புது மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரம் போன்றது இது. ஆரம்பப் பரிசுகள் தீர்ந்ததும் வரவு சுருங்குகிறது. சீட்டு எடுத்துப் பழகிய கை மட்டும் சுருங்குவதில்லை. அந்தச் சமயத்தில்தான் கடையின் கதவு கண்ணில் படுகிறது.

அங்கே ரூபாய் நேராகச் சீட்டாவதில்லை. ரூபாய் படிகமாகிறது, படிகம் மணியாகிறது, மணி சீட்டாகிறது. மூன்று கை மாறியபின், செலவான ரூபாய் எவ்வளவு என்பது ஆடுகிறவருக்கே மறந்துபோகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சீட்டுக்கு 160 மணிகள். மிக உயர்ந்த வீரர் வருவதற்கான அடிப்படை வாய்ப்பு நூற்றுக்கு 0.6, அதாவது ஆயிரத்துக்கு ஆறு. பத்துச் சீட்டு எடுத்தாலும் நூறு பேரில் சுமார் 94 பேருக்கு அவர் வரமாட்டார். 90 சீட்டுக்குள் ஒருவர் நிச்சயம் என்று விதி இருக்கிறது. அதற்கு 14,400 மணிகள் வேண்டும். அப்படி வருகிறவரும் விரும்பியவராக இல்லாமல் போகலாம். துரதிர்ஷ்டசாலி 180 சீட்டு வரை போகவேண்டும்.

இந்த நிச்சய விதி கருணைபோலத் தோன்றுகிறது. ஆனால் அதுவே கொக்கியும் ஆகிறது. எழுபது சீட்டைச் செலவழித்தவர் மிச்சம் இருபதுக்காக விலகிவிடுவாரா? பொறுமைசாலிகள் பல மாதம் சேமித்துக் காசில்லாமலே ஆடுகிறார்கள் என்பதும் உண்மைதான். வியாபாரம் நடப்பது பொறுமை இல்லாதவர்களை நம்பி.

பிரைஸ் அட்டையில் பெரிய பரிசு இன்னும் மாட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். எல்லாச் சீட்டும் கிழிந்தால் அட்டையும் முடிந்தது. இங்கே அட்டைக்கு முடிவே இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய ஆசை மாட்டப்படுகிறது.

சட்டத்தின் கண்

ஜப்பானில், சீட்டில் வரும் குறிப்பிட்ட பொருள்களை முழுவதும் சேர்த்தால் பெரும் பரிசு என்ற முறை 2012இல் சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்டது. வாய்ப்புக் கணக்கை வெளியிடவேண்டும் என்று சீனா 2017இல் விதித்தது. பெல்ஜியம் 2018இல், காசுக்கு விற்கும் இத்தகைய மர்மப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு. 1968இல் அரசே லாட்டரி நடத்தியது. 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை முழுவதும் தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டம் 2023இல் அமலுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பண ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் செய்தது. ஆயினும் இவை பிரதானமாகக் கவனிப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. காச்சாவில் பணம் போகும், திரும்பி வராது. வருவது ஒரு சித்திரம் மாத்திரமே. லாட்டரியிலாவது ஒருவன் வீட்டுக்கு லட்சம் வந்தது!

எல்லாவற்றையும் தடை செய் என்று சொல்வது சுலபம். ஆனால் முதல் வாரத்து ஆனந்தம் பொய்யல்ல. அதற்கு ஒரு விலை வைத்து நேர்மையாக விற்றால் எவரும் குறை கூறார். ஆகவே கேட்கவேண்டியது ஒன்றுதான். விரும்பிய வீரரைப் பெற, அதிகபட்சம் எத்தனை ரூபாய் ஆகும் என்பதைச் சீட்டு எடுக்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் போடவேண்டும். அதுவரை, பிள்ளைகளின் கைப்பேசியில் பணம் கட்டும் வசதிக்கு முதல் நாளே பூட்டுப் போடுவது பெற்றோர் பொறுப்பு.

கிரிவலம் வருகிறவருக்குப் பாதை பதினான்கு கிலோமீட்டர் என்று புறப்படுமுன்பே தெரியும். கால் தாங்குமா என்று யோசித்துத்தான் அடி எடுத்து வைக்கிறார். கைப்பேசியில் சுற்றுகிறவருக்கும் அந்தத் தூரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே நியாயம்?