மலை உச்சியில் கூடாரம் போட நினைத்த பேதுரு... இயேசு ஏன் கீழே அழைத்து வந்தார்?

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைப் பாதையில் ஏறினால் காவலூர் வரும். அங்கே இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். ஊர் வெளிச்சம் எட்டாத உயரத்தில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் என்பதால்தான் அதை மலையில் அமைத்தார்கள்.

விஞ்ஞானிகள் வானத்தைப் பார்க்க மலை ஏறுகிறார்கள் என்றால், பக்தர்கள் கடவுளைத் தேடி ஏறுகிறார்கள். குன்று இருந்தால் அங்கே குமரன் இருப்பான் என்பது நம் ஊர்ப் பேச்சு. வேலூர் பக்கம் வள்ளிமலை இருக்கிறது. சென்னையில் கிறிஸ்தவர்களுக்குப் பரங்கிமலை. சரி, மலையைப் பற்றி பைபிள் என்ன சொல்கிறது?

கடவுள் பேசும் இடம்

பைபிளில் முக்கியமான திருப்பங்கள் பல மலையில்தான் நடக்கின்றன. மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்றது சீனாய் மலையில். அப்போது மலை முழுக்கப் புகை, இடி, மின்னல். மக்கள் மலையைத் தொடவே கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். கடவுள் மனிதனுக்கு எட்டாதவர் என்பதன் அடையாளம் அது.

அதே மலைக்கு ஓரேபு என்றும் பெயர் உண்டு. பின்னாளில் உயிருக்குப் பயந்து ஓடிவந்த எலியா தீர்க்கதரிசி அங்கே ஒரு குகையில் ஒளிந்திருந்தார். பெருங்காற்று அடித்தது, நிலம் நடுங்கியது, நெருப்பு எழுந்தது. எதிலும் கடவுள் இல்லை. கடைசியில் கேட்ட மெல்லிய சத்தத்தில்தான் அவர் பேசினார். மலை ஒன்றுதான், ஆனால் அனுபவம் வேறு. பயந்துபோனவனிடம் கடவுள் மெதுவாகப் பேசுகிறார்.

உயரத்தில் ஆபத்தும் உண்டு

சாத்தானும் இயேசுவை ஓர் உயர்ந்த மலைக்குத்தான் கூட்டிச் செல்கிறான். உலகத்தின் அரசுகளை எல்லாம் காட்டி, 'என்னை வணங்கினால் இவை உனக்கு' என்கிற பாணியில் ஆசை காட்டுகிறான். மேலே நிற்பவனுக்கு எல்லாம் தன் காலடியில் இருப்பதுபோலத் தோன்றும். அந்த மயக்கத்தை இயேசு மறுத்துவிடுகிறார்.

யோவான் நற்செய்தியில் இன்னொரு சம்பவம். கிணற்றடியில் சந்தித்த சமாரியப் பெண், கடவுளை எந்த இடத்தில் வணங்குவது என்ற பழைய சண்டையைக் கிளப்புகிறார். சமாரியருக்கு கெரிசிம் மலை, யூதருக்கு எருசலேம். இரண்டு இடத்துக்கும் கட்டுப்பட்டதல்ல உண்மையான வழிபாடு என்பதே இயேசுவின் பதில்.

அப்படியானால் பரங்கிமலை எதற்கு?

இயேசுவின் சீடர் தோமா உயிர்விட்ட இடம் என்று மரபு சொல்லும் குன்று அது. உயரம் சுமார் 300 அடிதான். 1547-இல் அங்கே கிடைத்த கல் சிலுவையில் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்துகள் இருக்கின்றன. போர்ச்சுகீசியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்க் கடற்கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு அதுவே சாட்சி.

மலைக்குப் படிகள் அமைத்துக் கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 18-ஆம் நூற்றாண்டில், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் அவர்தான். மலை ஏறுகிறவனுக்குப் படி, ஆற்றைக் கடக்கிறவனுக்குப் பாலம். இரண்டுமே அவர் பக்தியில் அடக்கம்.

கீழே காத்திருந்த தகப்பன்

இயேசு ஒருநாள் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் ஒரு மலைக்கு அழைத்துச் சென்றார். நற்செய்தியில் மலையின் பெயர் இல்லை. தாபோர் மலை என்பது மரபு. அங்கே அவர் முகம் சூரியனைப்போல ஒளிர்ந்தது. மோசேயும் எலியாவும் அருகில் தோன்றினார்கள். மெய்மறந்த பேதுரு, இங்கேயே மூன்று கூடாரம் போடட்டுமா என்று கேட்டார்.

யாருக்குத்தான் அந்த ஆசை வராது? நல்ல நேரம் அப்படியே நின்றுவிட வேண்டும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் இயேசு அவர்களைக் கீழே அழைத்து வந்தார். வலிப்பு நோயால் துடிக்கும் மகனோடு ஒரு தகப்பன் அங்கே காத்திருந்தார். மற்ற சீடர்கள் முயன்றும் முடியாமல் நின்றார்கள். இயேசு அந்தப் பையனைக் குணமாக்கினார்.

ஓவியர் ரஃபேல், 1520-இல் இறப்பதற்கு முன் கடைசியாக வரைந்த படம் இதுதான். மேலே ஒளி, கீழே அந்தப் பையன். இரண்டையும் ஒரே படத்தில் வைத்தார். அது இப்போது வாட்டிகனில் இருக்கிறது.

மலைப் பிரசங்கத்திலும் இதே வரிசைதான். பேசி முடித்து இறங்கியதும் எதிரில் வந்தவர் ஒரு தொழுநோயாளி. யாரும் தொடாத அவரை இயேசு தொட்டார்.

நம் பக்கத்தில் ஒரு 'கிரி'

காட்பாடி அருகே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.-க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துச் சொன்னவரும் அவரே. அதனால் உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த தனிச் செருப்பே மருந்தானது. கரிகிரியிலும் அதைச் செய்து கொடுத்தார்கள். தோலுக்கும் ஷூவுக்கும் பெயர்போன ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு அந்தச் செருப்பின் அருமை புரியும்.

பரங்கிமலைக்குப் போகிறவர்களில் முழங்கால் வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், உச்சிவரை வாகனச் சாலை இருக்கிறது. படி ஏறுகிறவர்கள் வழக்கம்போல வேண்டிக்கொண்டே ஏறலாம். இறங்கும்போது மட்டும் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம்: கீழே நமக்காகக் காத்திருப்பது யார்?