நாய்க்குட்டியைப் பூட்டி வளர்க்காதீங்க

எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் வாசல்லயே ஒரு அறிவிப்பு உண்டு. "கொஞ்சம் நில்லுங்க, மணியைக் கட்டிட்டு வர்றேன்."

மணி எங்க லாப்ரடார். நாலு வயசு. போன மாசம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த தம்பியின் காலில் பல் பதித்துவிட்டான். சோப்புப் போட்டு 15 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஊசி போடக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அந்தத் தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"லாப்ரடார்னா சாதுன்னு சொன்னாங்களே" என்று வீட்டம்மா புலம்பல். சாதுதான். கெடுத்தது நான்.

ஆறு வாரக் குட்டியாக வாங்கி வந்தேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. அதைப் பிறகுதான் படித்தேன். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் உருண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அடுத்து, பார்வோ பயம். தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று நாலு மாசம் வரை வாசலைத் தாண்ட விடவில்லை. அவன் பார்த்த மனுஷங்க நாங்க மூணே பேர்.

அமெரிக்காவில் 1961-ல் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வேலி போட்ட வெளியில், மனித வாடையே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் மனிதர்களோடு பழக விட்டார்கள். 14 வாரம் வரை ஆளையே பார்க்காத குட்டிகள் அதற்கப்புறம் எவ்வளவு முயன்றும் சரியாகப் பழகவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரைதான் அந்தக் கதவு நன்றாகத் திறந்திருக்கிறது. தடுப்பூசி வரிசை முடிவதோ 16 வாரத்தை ஒட்டி. அதாவது ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால், முதிர்வுத் தேதி தாண்டியபின் பணம் கட்டப் போன கதைதான்.

எங்க மின்னி பே டீக்கடைப் பக்கம் பிறக்கிற தெருக்குட்டிகளைப் பாருங்க. ஸ்கூட்டர், குடை, மீன்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று மூணு மாசத்துக்குள் எல்லாம் பார்த்துவிடுகின்றன. பெரிதானதும் காலடியில் படுத்துத் தூங்குகின்றன. பிறவிக் குணமும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு மழைக்கோட்டு போட்டவரைப் பார்த்தாலே நடுக்கம். நடுக்கம்தான் குரைப்பாகி, கடியாகிறது.

ஊரில் என்றால் சித்தப்பா, அத்தை, பால்காரர் என்று வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். குட்டி தானாகப் பழகிவிடும். நம்மைப் போலப் பிழைக்க வந்த இடத்தில், பெல் அடிக்கவே ஆளில்லாத வீட்டில், அதை நாம்தான் செய்ய வேண்டும்.

பார்வோ பயம் நியாயமானது, அது குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி. அதற்காகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கடைத்தெரு காட்டுங்கள். தெரிந்தவர்களை வரச்சொல்லி அவர்கள் கையால் ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆனதும், சுத்தமான இடத்தில், ஊசி போட்ட நாய்களோடு பழக விடலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. மிரண்டால் இழுக்காதீர்கள், தள்ளி வந்துவிடுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லையா, குட்டி வாங்காதீர்கள். அதுவே பெரிய புண்ணியம்.

மணிக்கு இப்போது கேட்டுக்குத் தள்ளி நின்று, ஆள் போகும்போதெல்லாம் ஒரு கோழித்துண்டு. அடி கிடையாது. ஆறு மாசத்தில் பத்தடி நெருங்கினால் பெரிய விஷயம்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வரும். "இதை இங்கேயே யாருக்காவது கொடுத்துட்டுப் போங்க சார்" என்கிறார்கள். கடிக்கிற நாயை யார் வாங்குவார்கள்? தெருவில்தான் நிற்பான். தப்பு என்னுது; கூடவேதான் வருவான்.