வாரம் ஒரு வாளி, ஒரு துணி

எங்கள் மரக்காணம் பக்கம் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், நடுவில் நாம். சுவரில் அடித்த ஆணி இரண்டு மழைக்காலத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். கேட்டுக் கீல் முனகும். ஜன்னல் கம்பியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

சமையலறையில் கல்லுப்பு ஜாடி மழை நாளில் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால்தான் அப்படி. ஜாடியில் நடப்பதேதான் ஜன்னல் கம்பியிலும் நடக்கிறது. ஒட்டியிருக்கும் உப்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, ஈரம் இரும்பைத் தின்கிறது. அதனால் இங்கே வெறும் துணியால் தூசி தட்டிப் பயனில்லை. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகும். நான் சனிக்கிழமை காலை காபிக்கும் டிபனுக்கும் நடுவில் முடித்துவிடுகிறேன்.

'முடித்துவிடுகிறேன்' என்று பெருமையாக எழுதுகிறேனே தவிர, இந்தப் பழக்கம் எனக்கு வந்தது இரண்டு வருஷம் முன்னால்தான். அதுவரை வீடு தானாகவே சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஜாதி நான். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதும், புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்குவதும் என் மனைவியின் காரியம். என் காரியம் போகிக்கு முதல் நாள் பரண் மேல் ஏறி நாலு பழைய பாயைக் கீழே தள்ளுவது. அதற்கே சாயங்காலம் வரை முதுகுவலி பாட்டு.

அவளுக்கு முழங்கால் தேய்ந்து குனிய முடியாமல் போன பிறகு, ஒரே ஒரு வேலை என்னிடம் வந்தது. "ஏங்க, ஃபிரிட்ஜ் பின்னால தண்ணி தட்டு ஒண்ணு இருக்கு, வாரம் ஒருதரம் கொட்டிடுங்க." சரி என்றேன். ஆபீஸில் பைல் தள்ளிய கை அல்லவா, நாளைக்கு நாளைக்கு என்று நிலுவையிலேயே கிடந்தது. அந்த ஐப்பசியில் லீவுக்கு வந்த பேத்திக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஐந்து நாள் புதுச்சேரியில் ஆஸ்பத்திரி வாசம். தட்டணுக்கள் எத்தனை என்று காலையும் மாலையும் கேட்டபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை பிழைத்து வீடு வந்த மறுநாள், சுகாதாரத் துறைப் பெண் ஒருவர் டார்ச்சோடு வந்தார். தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். தட்டில் புழுக்கள் நெளிந்தன. கடித்த கொசு அங்கே பிறந்ததுதானா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. என் மனைவி நிரூபணம் கேட்கவில்லை. ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்களாம். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

வருஷம் ஒருமுறை போகிக்கு வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறோமே, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஊர் பார்க்கச் செய்வது. துருவும் கொசுவும் தை மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. இந்தச் சின்ன வேலைகளை வீட்டுப் பெண்கள் தலையிலேயே கட்டிவிட்டு, ரிட்டையர் ஆன ஆண்பிள்ளைகள் திண்ணையில் பேப்பரை மூன்றாம் தடவை படிப்பது நியாயமில்லை என்பதும் என் கட்சி. கோபப்படுகிறவர்கள் படட்டும்.

குப்பைத் தொட்டியையும் வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிறேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது இன்னும் 'பூபெல்'தான். அது ஒரு மனிதரின் பெயர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. யூஜின் பூபெல் பாரிஸ் வட்டாரத்தின் தலைமை நிர்வாகி. வீட்டுச் சொந்தக்காரர்கள் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட குப்பைத் தொட்டி கொடுத்தாக வேண்டும் என்று 1884-ல் உத்தரவு போட்டார். மக்குவதற்கு ஒன்று, காகிதம் கந்தலுக்கு ஒன்று, உடைந்த கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று என்று மூன்று தொட்டிகள். கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். பத்திரிகைகள் கேலியாக அவர் பெயரையே தொட்டிக்குச் சூட்டின. அதுவே நின்றுவிட்டது. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நம் தெருவில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வண்டியில் பாட்டு போடும்போது, எனக்கு அந்த மனுஷன் ஞாபகம்தான் வருகிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய ஆபீஸ் குறிப்புகளில் ஒன்றுகூட ஒரு வாளிக்கும் பேராகவில்லை.

மற்றதெல்லாம் அற்பம். பழைய தலையணை உறையை விசிறி இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி கட்டில் மேல் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். குழாயில் படியும் வெள்ளைக் கறைக்குப் பிழிந்த எலுமிச்சை மூடி. அன்று மாலை விசிறியைப் போட்டு, துவைத்த விரிப்பில் சாயும் சுகம் இருக்கிறதே, அதற்குக் காசு கிடையாது.

போன சனிக்கிழமை தட்டைத் தேய்த்துக் கழுவி மாட்டிவிட்டு வந்தேன். மனைவி நாற்காலியில் இருந்தபடியே, "ஓரத்தில தேய்ச்சீங்களா?" என்றாள். தேய்த்தேன் என்றேன். "இன்னொருதரம் பாத்துடுங்க." போய்ப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் போயிருந்தது.