நோட்ஸ் படித்தவன் நூல் படித்தவனா?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் கடைசி இடம் நம் தருமபுரிக்குக் கிடைத்தது. மாநிலம் நூற்றுக்கு எண்பது, நாம் 68.54. இந்த எண்ணைச் சொல்லி வருந்தும் மேடைப் பேச்சாளர்கள், அக்கணக்கெடுப்பு எழுத்தறிவுக்கு வகுத்த இலக்கணத்தைச் சொல்வதில்லை. ஏழு வயது நிரம்பிய ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் வல்லவராயின் அவரே எழுத்தறிவுடையவர் என்பது அது. ‘புரிந்துகொண்டு’ என்னும் அந்த ஒரு சொல்லை உரைகல்லாகக் கொண்டு, தேர்வில் தேறி மாலையிடப்படும் நம் பிள்ளைகளை உரைத்துப் பார்ப்போமா?

ஒகேனக்கலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு நம் மாவட்டத்து மாணவனிடம் சொல்லுங்கள். முன்னுரை வரும்; அருவியின் அழகு வரும்; பரிசலும் எண்ணெய்க் குளியலும் வறுத்த மீனும் வரும்; இயற்கையைப் போற்றுவோம் என்று முடிவுரை வரும். எல்லாம் நோட்ஸில் உள்ளவை. எழுதுகிற பிள்ளையின் தெருவிலேயே பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள் இருப்பார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு தந்த கறை அது. சிலருக்கு எலும்பையும் முடக்கிற்று. மாவட்டத்தின் எல்லையிலேயே காவிரி ஓடுகிறது. அந்த நீர் குழாய்வழியே ஊர்களுக்கு வர, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் அது தொடங்கப்படும்வரை காத்திருக்க நேர்ந்தது. ஏன் இத்தனை தாமதம்? கர்நாடகம் ஏன் எதிர்த்தது? ஜப்பானியக் கடன் எதற்கு வாங்கப்பட்டது? இவற்றுள் ஒன்றையேனும் கேட்டு எழுதிய மாணவனுக்கு, ‘மாதிரிக் கட்டுரையில் இல்லை’ என்று சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நம்மை மறுப்போர் இரண்டு சொல்வர். முதலாவது, ‘முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஏழைப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு? மதிப்பெண் வாங்கி வேலைக்குப் போகட்டும்’ என்பது. கேட்க இரக்கம் போலிருக்கும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் நம் வட்டாரத்தில் பெயர் வாங்கியதும் இந்த இரக்கத்தால்தான். 2017இல் நீட் தேர்வு வந்து ஈராண்டுப் பாடத்தையும் கேட்டபோது, நிறைய மதிப்பெண் வாங்கியிருந்த பிள்ளைகளே திகைத்து நின்றனர். (நீட் நன்றென்பது நம் கருத்தன்று, அது வேறு வழக்கு.) அக்கல்வியாண்டிலேயே அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொணர்ந்தது, 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. தேர்வு வரும், போகும். ‘எத்தனை மார்க்?’ என்று மட்டும் கேட்கும் தந்தை அப்படியே இருக்கிறார். வசதியுள்ளவன் பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுத்தர வீட்டில் நாலு பேர் உண்டு. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் யார்?

இரண்டாவது மறுப்பு நம் சமுதாயத்திலிருந்தே வருவது. ‘மனனம் நம் மரபு, மதரஸாவில் ஓதிய நீங்களே அதைப் பழிக்கலாமா?’ என்கிறார்கள். மனனத்தை நாம் பழிக்கவில்லை. நெஞ்சில் திருமறையைச் சுமக்கும் ஹாஃபிழின் முன் நாம் பணிவோடு அமர்கிறோம். ஆனால் இமாம் புகாரி (ரஹ்) அவர்களை பக்தாதில் சோதித்த வரலாற்றை நினைவுகூருங்கள். பத்துப் பேர், ஆளுக்குப் பத்து ஹதீஸாக, ஒன்றன் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றோடு மாற்றிப் பிணைத்துச் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். இமாம் அவர்கள் நூறையும் கேட்டு, எது எதனோடு சேரும் என்று பிரித்து வைத்தார்கள். நினைவாற்றல் மட்டும் இருந்திருந்தால் தவறான நூறையும் மனனம் செய்துகொண்டு எழுந்திருப்பார்களே! இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் ஆசானோடு மாறுபட்டனர். அந்த மாறுபாடுகளை நம் ஃபிக்ஹு நூல்கள் மறைக்காமல் பாடமாகவே வைத்திருக்கின்றன. இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில், வகுப்பில் வாய் திறவாமல் மனனத்திலேயே காலங்கழித்த மக்ரிப் மாணவர்களைக் குறைகூறி, துனிஸில் ஐந்தாண்டில் முடிவதற்கு அங்கே பதினாறாண்டு ஆவதைச் சுட்டுகிறார்.

தமிழ் மரபும் வேறன்று. ஆசான் உரைத்ததை முழுதும் கொண்டாலும் கால்பங்கே கிட்டும், உடன் பயில்வோரோடு பழகக் கால்பங்கு, பிறர்க்கு எடுத்துரைக்க மீதி அரைப்பங்கு என்பது நன்னூலார் கணக்கு. மதரஸாவில் பாடத்தைத் தமக்குள் மீண்டும் சொல்லி வாதிடும் ‘தக்ரார்’ இதுவேயன்றோ? இன்று மதரஸாக்களிலும் அது வெறும் ஒப்பித்தலாகிவருவதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, எழுதியவர் எதை நிறுவ வருகிறார், சான்று எது, சொல்லாமல் விட்டது எது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று கேளுங்கள். பிறகு தன் சொல்லில் அரைப்பக்கம் எழுதட்டும். எழுதியதை அடித்துத் திருத்தி மறுபடி எழுதட்டும்.

ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசளிக்கின்றன. வரும் ஆண்டில் அந்தப் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, தம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதற்குப் பரிசு கொடுக்கட்டும். மேடைக்கு எந்தப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பார்ப்போம்.