நேர்கோட்டில் எங்கே பெண்மை?

கலைச்சந்தைகளில் பெண் கலைஞர்களின் படைப்புகளை மட்டும் கூட்டித் தனி அரங்கு வைப்பது கேலரிகளுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. வழக்கத்தைத் தாங்கி நிற்பது ஒரு நம்பிக்கை: பெண் எதை வரைந்தாலும் அதில் உடல், தாய்மை, வீடு, மென்மை எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். 2008-இல் தொடங்கி, இப்போது தில்லி ஓக்லாவில் ஆண்டுதோறும் கூடும் இந்தியா ஆர்ட் ஃபேரிலும் இதற்குக் குறைவில்லை. அண்மையில் ஒரு கேலரி, உலோகச் சிற்பி, அச்சோவியர், வீடியோ கலைஞர் என ஒருவரோடொருவர் ஒட்டே இல்லாத சிலரை ஒரே சுவருக்குள் அடைத்து, அத்தனை பேரிடமும் பெண்மையின் மெல்லிய குரல் கேட்பதாக எழுதி ஒட்டியிருந்தது. எழுதியவருக்குக் காது மிகக் கூர்மைபோலும்.

இந்தக் காதுகளை நஸ்ரீன் முகமதியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 1937-இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடாவில் கற்பித்தவர். முதிர்ந்த காலத்தில் அவர் தாளில் இட்டவை மையும் பென்சிலும் கொண்ட கோடுகள். கட்டடக் கலைஞரின் வரைகருவிகளால் இழுத்தவை. மனித உருவம் இல்லை, அடுப்பங்கரை இல்லை, கருப்பை இல்லை. பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. கடைசி ஆண்டுகளில் நரம்பு நோய் உடலைத் தளர்த்தியபோதும் கோடு தளரவில்லை. 1990-இல் மறைந்தார். சாய்கோட்டின் எந்தப் பாகையில் தாய்மை தொடங்குகிறது என்று சுவர்க்குறிப்பு எழுதுவோர் காட்டினால் நல்லது.

கயிறு என்றதும் இவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றில் முடிச்சிட்டவர். ஆகவே கைவினை, ஆகவே பெண்மை! அந்த உருவங்களோ பார்ப்பவரை அச்சுறுத்தும் உயரமும் கனமும் கொண்டவை. ஒன்றின் பெயர் ‘ருத்ரா’. மீரா முகர்ஜி பஸ்தரின் வார்ப்புக் கலைஞர்களிடம் கற்று வெண்கலம் வார்த்தார். கலிங்கத்து அசோகரை அத்தனை பெரிதாக வார்த்ததில் மென்மை எங்கே ஒளிந்திருக்கிறதோ? நஸ்ரீனின் கோட்டில் ஒளிந்திருக்கும் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

1987-இல் நளினி மலானி, மாதவி பரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் நால்வரும் சேர்ந்து கண்காட்சி தொடங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அது வேறு. அங்கே ஓவியர்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டனர். சந்தை அரங்கில் தேர்வது விற்பவர்.

கலை உலகின் இன்னொரு பழக்கம், தாமதமாகக் கண்டுபிடிப்பது. அர்பிதா சிங்கின் படைப்புகளை மட்டும் கொண்ட கண்காட்சியை இந்தியாவுக்கு வெளியே ஒரு கலை நிறுவனம் முதன்முதலாக நடத்தியது 2025-இல், லண்டன் செர்பென்டைனில். அப்போது அவருக்கு வயது 87. மிருணாளினியின் பெரிய பின்னோக்குக் கண்காட்சி 2015 ஜனவரியில் தில்லியில் திறந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் நஸ்ரீனின் கண்காட்சியோடு கதவைத் திறந்தது 2016-இல். அவர் போய் 26 ஆண்டுகள்.

ஏலச் செய்திகளும் அந்தச் சுவர்க்குறிப்புகளின் ரகம்தான். அம்ரிதா ஷெர்கில்லின் ‘கதை சொல்பவர்’ 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அது அன்றைக்கு இந்திய ஓவியம் எதுவும் ஏலத்தில் எட்டாத விலை. ஆயினும் பெண் ஓவியரின் சாதனை என்று அடைமொழி சேர்க்காமல் பலருக்கும் பேனா நகரவில்லை. 2025-இல் உசேனின் ‘கிராம யாத்திரை’ நூறு கோடியைத் தாண்டியபோது ஆண் ஓவியரின் சாதனை என்று எவரும் எழுதவில்லை.

கேலரிகள் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு சாண் சுவரைப் பிய்த்துக் கொடுப்பதை விட்டு, ஒருவருக்கே முழு அரங்கையும் கொடுக்கட்டும். நஸ்ரீன் தலைப்பே வைக்காமல் விட்ட இடத்தில் அவர்கள் பத்தி பத்தியாக எழுத வேண்டியதில்லை. பெயர், ஆண்டு, ஊடகம், அளவு சுவரில் இருந்தால் போதும்.